கடலடி நியூட்ரினோ தொலைநோக்கியை அளவுத்திருத்துவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்தியதரைக் கடலின் அடியில் நிற்கும் கேஎம்3நெட் தொலைநோக்கியைப் பற்றிப் பேச்செடுத்தால், நியூட்ரினோவைவிட அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான்: தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றை வைத்து வானத்தில் ஒரு புள்ளியை எப்படிக் குறிப்பது? கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

கடலுக்கு அடியில் தொலைநோக்கியா? அங்கிருந்து வானமே தெரியாதே?

இதில் ஆடியும் கிடையாது, வில்லையும் கிடையாது. நியூட்ரினோ பூமியையே ஊடுருவிப் போகும் துகள். மிக அரிதாக ஒன்று பாறையிலோ நீரிலோ மோதி மியூவான் என்ற துகளைப் பிறப்பிக்கும். நீரில் ஒளி செல்வதைவிட வேகமாக அந்த மியூவான் பாயும்போது செரன்கோவ் ஒளி என்ற நீல ஒளி கூம்பு வடிவில் பரவுகிறது. அந்த ஒளி எந்த உணரியை எப்போது தொட்டது என்பதைக் கொண்டு மியூவான் வந்த திசையைக் கணக்கிடுகிறார்கள். நியூட்ரினோ வந்த திசையும் ஏறக்குறைய அதுவே.

ஆழம் தேவைப்படுவதற்குக் காரணம் சூரிய ஒளி மட்டும் அல்ல. விண்வெளித் துகள்களான காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதுவதால் பிறந்து வானிலிருந்து மழைபோலப் பொழியும் மியூவான்களைத் தடுக்க மேலே கிலோமீட்டர் கணக்கில் நீர் வேண்டும். கேஎம்3நெட்டின் ஆர்க்கா பகுதி சிசிலியின் போர்ட்டோபாலோ டி காப்போ பாஸெரோ அருகே 3500 மீட்டர் ஆழத்திலும், ஓர்க்கா பகுதி பிரான்சின் துலோன் அருகே 2450 மீட்டர் ஆழத்திலும் இருக்கின்றன. துலோன் பக்கத்தில் இதற்கு முன்னோடியான அன்டாரிஸ் 2008இல் முழுமை பெற்று 2022 வரை இயங்கியது.

‘சரம்’ என்கிறீர்களே, அதில் என்னதான் தொங்குகிறது?

தொங்கவில்லை, நிற்கிறது. கீழே நங்கூரம், உச்சியில் மிதவை, நடுவே இரண்டு மெல்லிய டைனீமா கயிறுகள், அவற்றில் 18 கண்ணாடிக் கோளங்கள். ஒவ்வொரு கோளமும் 17 அங்குல விட்டம் கொண்டது. உள்ளே, மிக மங்கிய ஒளியையும் உணரும் 31 சிறிய ஒளிப்பெருக்கிக் குழாய்கள் எல்லாத் திசையும் பார்த்தபடி இருக்கும். ஆர்க்காவில் கோளத்துக்குக் கோளம் 36 மீட்டர், சரத்துக்குச் சரம் சுமார் 90 மீட்டர். சரத்தின் உயரம் 700 மீட்டர் அளவில் வரும். ஓர்க்கா நெருக்கமானது: 9 மீட்டர், 20 மீட்டர், உயரம் சுமார் 200 மீட்டர்.

இந்தப் பக்கத்துக்கு முக்கியமானவை கோளத்துக்குள் இருக்கும் வேறு மூன்று பொருள்கள்: கண்ணாடியின் உட்புற அடியில் ஒட்டிய பீசோ ஒலியுணரி, சாய்வையும் திசையையும் சொல்லும் மின்னணுத் திசைமானி, அளந்த நேரத்தில் மின்னும் எல்இடி.

ஆய்வகத்திலேயே எல்லாம் சரிபார்த்து இறக்கிவிட்டால் போதாதா?

நேரத்தைப் பொறுத்தவரை பாதி வேலை ஆய்வகத்திலேயே முடிகிறது. ஒவ்வொரு குழாயின் தாமதத்தையும் இருட்டறையில் லேசர் கொண்டு அளக்கலாம். ஆனால் இடம் என்பது கடலில் மட்டுமே அளக்க முடிந்த ஒன்று, அதுவும் திரும்பத் திரும்ப.

எவ்வளவு துல்லியம் தேவை என்பதை ஒளியே தீர்மானிக்கிறது. நீரில் ஒளி ஒரு நானோவினாடியில் சுமார் 22 செ.மீ. போகும். கடிகாரங்கள் ஒரு நானோவினாடி அளவில் ஒத்திசைந்திருக்கும்போது, கோளத்தின் இடத்தில் 20 செ.மீ. பிழை வந்தால் அந்தக் கடிகாரத் துல்லியம் முழுவதும் வீண். ஆகவே இலக்கு 10 முதல் 20 செ.மீ.

சரம் உண்மையிலேயே ஆடுமா? அவ்வளவு ஆழத்தில் அலையே கிடையாதே!

அலை கிடையாது, நீரோட்டம் உண்டு. அன்டாரிஸின் சரம் 450 மீட்டர் உயரம். வினாடிக்கு 5 செ.மீ. ஓட்டத்தில் அதன் உச்சி ஒரு மீட்டர் அளவில் நகரும், 20 செ.மீ. ஓட்டத்தில் சுமார் 15 மீட்டர். ஓட்டம் நான்கு மடங்கானால் நகர்வு பதினாறு மடங்காகிறது, ஏனென்றால் நீரின் இழுவிசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது.

இதில் மோசமான பகுதி எது தெரியுமா? எல்லாச் சரங்களும் ஒரே பக்கம் சாய்வதுதான். ஒவ்வொன்றும் தன் போக்கில் ஆடினால் பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்யும். மொத்தக் காடும் ஒரே காற்றில் சாய்வதுபோல் சாய்ந்தால், அன்று பதிவாகும் எல்லாத் துகள்களின் திசையும் ஒரே பக்கம் பிசகும். கணக்கிட்ட தடம் பதிவான நேரங்களோடு நன்றாகவே பொருந்துவதுபோல் தெரியும், அதனால் பிழை கண்ணில் படாது.

தேனியில் கட்டுவதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கும், தென்துருவ ஐஸ்கியூபுக்கும் இதே தொல்லை உண்டா?

இல்லை. பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்டது மலைக்குள் 50,000 டன் காந்த இரும்புத் தகடுகளை அடுக்கி நடுவே உணரிகளை வைக்கும் கருவி. ஒருமுறை அளந்தால் அது அங்கேயே இருக்கும். ஐஸ்கியூபின் சரங்கள் பனிக்குள் உறைந்துவிட்டவை. அந்தப் பனித்தகடே ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் நகர்ந்தாலும் எல்லாம் சேர்ந்தே நகர்கின்றன. ரஷ்யாவின் பைக்கால் ஏரியில் உள்ள தொலைநோக்கிக்குத்தான் இதே பிரச்சினை. அங்கும் ஒலி மோடம்கள்தான் தீர்வு.

ஜிபிஎஸ் இருக்கும்போது ஒலியை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்?

கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். ஜிபிஎஸ் அலைவரிசை அதில் சில சென்டிமீட்டர் போவதற்குள் அடங்கிவிடும். ஒலியோ கிலோமீட்டர் கணக்கில் போகும்.

முறை இதுதான். சரங்களைச் சுற்றிக் கடல்தரையில் முக்காலிகள் மேல் ஒலிப்பான்களை வைக்கிறார்கள். அவை 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரையிலான துடிப்புகளை அவ்வப்போது அனுப்பும். அன்டாரிஸில் இது 40 – 60 கிலோஹெர்ட்ஸாக, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நடந்தது. ஒவ்வொரு கோளத்தின் பீசோவும், ஒவ்வொரு நங்கூரத்தில் உள்ள ஹைட்ரோஃபோனும் (நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி) துடிப்பு வந்த நேரத்தைக் குறிக்கும். நேரத்தை ஒலி வேகத்தால் பெருக்கினால் தூரம். ஒரே கோட்டில் அமையாத மூன்று ஒலிப்பான்களிலிருந்து தூரம் தெரிந்தால் இடம். ஒலிக்கு 10 செ.மீ. என்பது சுமார் 65 மைக்ரோவினாடி. பீசோவின் சமிக்ஞை வினாடிக்குச் சுமார் 1,95,000 முறை பதிவாவதால் ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 8 மி.மீ. தூரம்தான். ஆக, மின்னணுவியல் இங்கே தடை இல்லை. தடைகள் எல்லாம் தண்ணீரில் இருக்கின்றன.

ஒலிப்பான் தனி பேட்டரியில் ஓடுகிறது, அதன் கடிகாரம் வேறு. அப்புறம் ‘கிளம்பிய நேரம்’ எப்படித் தெரியும்?

தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகும் நல்ல கடிகாரம்கூட ஒரு நிமிடத்தில் 60 மைக்ரோவினாடி விலகிவிடும். மேலே சொன்ன 10 செ.மீ. அதிலேயே தீர்ந்தது. எனவே ஒவ்வொரு துடிப்பும் கிளம்பிய நேரத்தை ஒரு அறியா எண்ணாகவே கணக்கில் வைக்கிறார்கள். நங்கூர ஹைட்ரோஃபோன்கள் அசையாதவை, அவற்றின் இடமும் தெரியும். எனவே ஒரே துடிப்பை அவை பலவும் கேட்டதிலிருந்து கிளம்பிய நேரம் வெளிவந்துவிடும். அதன் பிறகு கோளங்களின் இடம்.

நங்கூரங்களும் ஒலிப்பான்களும் எங்கே இருக்கின்றன என்பது முதலில் ஒரு மீட்டர் அளவில்தான் தெரியும், கப்பலிலிருந்து இறக்கும்போது கிடைத்த கணக்கு அது. பல நாள் தரவைச் சேர்த்து அவற்றின் இடங்களையும் ஒன்றாகப் பொருத்தினால் அது செ.மீ. அளவுக்கு இறங்கும்.

ஒலியின் வேகம் நீரில் வினாடிக்கு 1500 மீட்டர் என்று படித்தோம். அதையே போட்டால் என்ன?

போட்டால் தொலைநோக்கியே சுருங்கிவிடும். வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தம் மூன்றும் சேர்ந்து வேகத்தைத் தீர்மானிக்கின்றன. அடிமத்தியதரைக் கடல் விசித்திரமாக வெதுவெதுப்பானது, 13 பாகைக்கு மேல். உப்பும் அதிகம், ஆயிரத்துக்கு 38க்கு மேல். துலோன் தளத்தில் 2450 மீட்டர் ஆழத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 1546 மீ./வி. வரும். சிசிலித் தளத்தின் 3500 மீட்டரில் 1566 அளவில். 1500 என்று வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 30 – 40 மீட்டர் பிசகு.

சரியான எண்ணுக்கு அருகில் போன பிறகும் கவனம் தேவை. வேகத்தில் 1 மீ./வி. பிழை ஒரு கிலோமீட்டர் பாதையில் சுமார் 65 செ.மீ. பிழையாகும். அதை 10 செ.மீ.க்குள் அடக்க வேகத்தை 0.15 மீ./வி.க்குள் அறிய வேண்டும். அந்த நிலைமையில் ஒரு பாகை வெப்பம் சுமார் 3.2 மீ./வி. மாற்றத்தையும், உப்புத்தன்மையில் ஓர் அலகு சுமார் 1.2 மீ./வி. மாற்றத்தையும் தரும். ஆகவே வெப்பமானியில் 0.05 பாகை பிசகினாலே அனுமதிக்கக்கூடிய பிழை முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. ஆழம் ஒரு மீட்டர் கூடினால் வேகம் சுமார் 0.017 மீ./வி. கூடும். 700 மீட்டர் சரத்தின் அடிக்கும் உச்சிக்கும் 12 மீ./வி. வேறுபாடு. அடியில் அளந்த வேகத்தையே உச்சிவரை பயன்படுத்தினால் உச்சிக் கோளம் 2.5 மீட்டருக்கு மேல் தவறான உயரத்தில் தெரியும். புதிதாக இந்தக் கணக்கைச் செய்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

சிடிடி ஒன்று போதுமே, ஒலிவேகமானி எதற்கு, நீரோட்டமானி எதற்கு?

சிடிடி என்பது கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் அளக்கும் கருவி; அதிலிருந்து சூத்திரம் வழியாக ஒலி வேகம் கிடைக்கும். ஒலிவேகமானி ஒரு குறுகிய, நிலையான பாதையில் ஒலியை ஓடவிட்டு நேரடியாகவே அளக்கும். இரண்டும் வெவ்வேறு விதமாகக் கெடுபவை. கடத்துதிறன் கலத்தில் வண்டலோ உயிரிப் படலமோ படிந்தால் உப்பு குறைந்ததுபோல் காட்டும். ஒலிவேகமானியின் பாதை நீளம் மாறினாலோ உணரியில் படலம் படிந்தாலோ அது வேறு வகையில் விலகும். இரண்டின் எண்ணும் மெல்லப் பிரிய ஆரம்பித்தால் ஏதோ ஒன்று கெடுகிறது என்று பொருள். ஒன்றே இருந்தால் அந்த எச்சரிக்கை கிடைக்காது. அதனால்தான் கேஎம்3நெட்டில் இந்தக் கருவிகளைத் தனிச் சரமாக, மேலே எடுத்து மறுபடி அளவுத்திருத்தி இறக்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

நீரோட்டமானி சரத்தின் வளைவைக் கணிக்க உதவுகிறது. பெரும்பாலும் டாப்ளர் முறைதான்: நீரில் மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தைப் பார்க்கும். அடிமத்தியதரைக் கடலோ மிகத் தெளிந்த நீர், துகள்கள் குறைவு. தொலைநோக்கிக்கு வரமான அந்தத் தெளிவு டாப்ளர் கருவிக்குச் சாபம்: எட்டும் தூரம் சுருங்கி, தொலைவு அளவீடுகள் இரைச்சலாகிவிடும். கருவி விளக்கத்தாளில் போட்டிருக்கும் தூரத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

ஒலி நேர்கோட்டில் போகாமல் வளையுமே, அதைச் சேர்த்துக் கணக்கிடுகிறீர்களா?

வளைகிறது, மேல்நோக்கி. கீழே வேகம் அதிகம் என்பதால் பாதையின் வளைவாரம் சுமார் 90 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் பாதையில் நேர்கோட்டிலிருந்து நடுவில் 1.4 மீட்டர் விலகும். கேட்கப் பெரிதாக இருந்தாலும் பாதையின் நீளம் கூடுவது 5 மி.மீ. மட்டுமே. நேரக் கணக்கில் வளைவைத் தள்ளிவிடலாம். பாதை நெடுகிலும் சராசரி வேகத்தைச் சரியாக எடுத்தால் போதும்.

ஆனால் கடல்தரையிலிருந்து கடல்தரைக்குப் போகும் ஒலிக்கு இதே வளைவு வேறு விதமான தொல்லை. நேர்கோட்டுக்குக் கீழே தொய்ந்துதான் அது போக வேண்டும். கீழே தரை இருக்கிறது. தட்டையான தரையில் ஒலிப்பானும் ஹைட்ரோஃபோனும் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 850 மீட்டருக்கு அப்பால் நேரடி ஒலி எட்டாது. மூன்று மீட்டர் உயர்த்தினால் அது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டராகும். முக்காலியின் கால் நீளம் அழகுக்காக அல்ல.

கண்ணாடிக்குள் ஒட்டிவைத்த பீசோவுக்கு வெளி ஒலி கேட்குமா?

கேட்கும். தடித்த கண்ணாடி ஒலியை நன்றாகவே கடத்தும். பீசோவை உள்ளே வைத்ததால் நீர்புகாத இணைப்பி ஒன்று குறைகிறது, அதுவும் ஒவ்வொரு கோளத்திலும். கடலடியில் முதலில் பழுதாவது பெரும்பாலும் இணைப்பிகள்தான். விலையாகக் கொடுப்பது இரைச்சலை: குழாய்களுக்கு மின்சாரம் தரும் சுற்றுகள் பக்கத்திலேயே இருப்பதால் அவற்றின் கிறீச்சொலியும் சேர்ந்து பதிவாகும்.

இரண்டு திருத்தங்களை மறக்கக் கூடாது. பீசோ கோளத்தின் மையத்தில் இல்லை, அடியில் இருக்கிறது. சுமார் 20 செ.மீ. வேறுபாட்டைச் சாய்வுக்கேற்பச் சேர்க்க வேண்டும். அடுத்து, கண்ணாடியில் ஒலி நீரைவிடப் பல மடங்கு வேகம். பக்கவாட்டில் வரும் ஒலி முதலில் கண்ணாடியைத் தொட்டு அதன் வழியாகவே பீசோவுக்கு முந்தி வந்துவிடும். ஆகத் திருத்தம் ஒலி வரும் கோணத்தைப் பொறுத்தது. கீழ்க்கோளங்களில் இது அதிகம் தெரியும், அவற்றுக்கு ஒலி ஏறக்குறையக் கிடைமட்டமாக வருவதால்.

எதிரொலி, திமிங்கிலச் சத்தம் எல்லாம் சேர்ந்து குழப்பாதா?

ஒலிப்பான் வெறும் ‘பிங்’ அனுப்புவதில்லை. அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும் வடிவம் கொண்ட துடிப்பு அனுப்புகிறது. அந்த வடிவத்தைப் பதிவின் மேல் நகர்த்தி எங்கே அதிகம் ஒத்துப்போகிறது என்று பார்க்கிறார்கள். இரைச்சலுக்குள் புதைந்த துடிப்பும் இதில் வெளிப்படும். உச்சத்தைத் தேடும்போது பக்கத்து உச்சத்தில் தவறிக் கால் வைத்தால் 30 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி, அதாவது 5 செ.மீ. பிழை. தரையிலோ மிதவையிலோ பட்டு வரும் எதிரொலி நேரடி ஒலியைவிடப் பலமாக இருக்க வாய்ப்புண்டு. எனவே பெரிய உச்சத்தை எடுக்காமல், ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டிய முதல் உச்சத்தை எடுக்க வேண்டும். கடல் மேற்பரப்பின் எதிரொலி ஆர்க்காவில் நாலரை வினாடி கழித்தே வரும், அடையாளம் காண்பது எளிது.

ஆம்பர்கிரிஸ் தரும் ஸ்பெர்ம் திமிங்கிலங்களின் ‘க்ளிக்’ ஒலி இந்த அலைவரிசையிலும் விழும். ஆனால் அது குறுகிய வெடிப்பு, நம் வடிவத்தோடு ஒத்துப்போகாது. இரைச்சல் என்று ஒதுக்க மனம் வராத தரவு அது: 2005இல் சிசிலியின் கட்டானியா அருகே 2000 மீட்டர் ஆழத்தில் நியூட்ரினோ ஆய்வுக்காக வைத்த ஹைட்ரோஃபோன்கள், எண்ணியதைவிட அதிகமாக அங்கே அந்தத் திமிங்கிலங்கள் நடமாடுவதைக் காட்டின.

சில கோளங்களின் ஒலியுணரி செத்துவிட்டால் அந்த இடம் போச்சா?

போகாது. சரம் தனித்தனிப் புள்ளிகள் அல்ல, ஒரு கயிறு. ஒவ்வொரு இடத்திலும் அதன் சாய்வு, மேலே உள்ள மொத்த இழுவிசைக்கும் மொத்த மிதப்பு விசைக்கும் உள்ள விகிதம். கோளங்களின் குறுக்களவும் எடையும் தெரியும். மீதம் நீரோட்டம் மட்டுமே. ஒலியில் கிடைத்த இடங்களையும் சாய்வுமானியின் எண்களையும் சேர்த்து இந்த வளைவைப் பொருத்தினால் உணரி இல்லாத கோளத்தின் இடமும் வந்துவிடும். அன்டாரிஸில் ஒரு சரத்தின் 25 உணரி அடுக்குகளுக்கு 5 ஹைட்ரோஃபோன்கள்தான் இருந்தன.

கீழ்க்கோளங்களுக்கு இந்த மாதிரி இன்னும் முக்கியம். ஒலிப்பான்கள் எல்லாம் தரையிலேயே இருப்பதால் தாழ்ந்த கோளத்தின் உயரத்தை ஒலி மட்டும் நன்றாகச் சொல்லாது. கயிற்றின் நீளம் சொல்லும். அந்த நீளமும் நிலையானது அல்ல. இழுவிசையில் கயிறு ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டாலே 700 மீட்டருக்கு 70 செ.மீ. ஆகவே நீட்சியையும் ஓர் அறியா எண்ணாகப் பொருத்த வேண்டும். வரைபடத்தில் போட்ட நீளத்தை நம்பி உட்கார்ந்தால் உச்சிக் கோளங்கள் எல்லாம் சீராகப் பிழை காட்டும்.

திசைமானியை எவ்வளவு நம்பலாம்?

கோளம் தன் அச்சில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை ஒலி சொல்லாது, திசைமானிதான் சொல்லும். அன்டாரிஸின் கருவியில் திசைக்கு 1 பாகை, சாய்வுக்கு 0.2 பாகை துல்லியம். பக்கத்தில் உள்ள இரும்பும் மின்னோட்டமும் காந்தப்புலத்தைத் திருப்பும் என்பதால் மின்பலகை பொருத்தப்பட்ட நிலையிலேயே எல்லாப் பக்கமும் சுழற்றி அளவுத்திருத்த வேண்டும். பலகையை மட்டும் தனியாகச் சுழற்றிப் பெற்ற எண்கள் மூடிய கோளத்துக்கு முழுதாகப் பொருந்தா. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கட்டத்தில் சேர்த்தோம் என்று எழுதிவைப்பது நல்லது. இரண்டுமுறை சேர்ப்பதும், சேர்க்காமலே விடுவதும் சில பாகைப் பிழை.

இவ்வளவும் சரியாகத்தான் வந்திருக்கிறது என்று எதை வைத்து நம்புவது?

ஒலியோடு சம்பந்தமே இல்லாத சாட்சிகளை வைத்து. முதல் சாட்சி கடல் உப்பே. அதில் உள்ள பொட்டாசியம்-40 என்ற கதிரியக்கப் பொருள் ஓயாமல் சிதைந்து ஒளி தருகிறது. ஒரே சிதைவின் ஒளி ஒரே கோளத்தின் இரண்டு குழாய்களில் விழும்போது அவற்றின் நேர வேறுபாடும் உணர்திறனும் தெரிந்துவிடும். நன்னீர் ஏரியான பைக்காலில் இந்த வசதி கிடையாது.

இரண்டாவது சாட்சி, மேலிருந்து வரும் மியூவான்கள். லட்சக்கணக்கான தடங்களைப் பொருத்தி, ஒவ்வொரு கோளத்திலும் ஒளி எதிர்பார்த்ததைவிட முந்தியதா பிந்தியதா என்று பார்க்கலாம். ஒரு சரம் முழுவதும் ஒரு பக்கத் தடங்களுக்கு முந்தியும் மறுபக்கத் தடங்களுக்குப் பிந்தியும் காட்டினால் அதன் இடம் தவறு. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு முந்தினால் அதன் கடிகாரம் தவறு.

மூன்றாவது நிலவு. நிலவு காஸ்மிக் கதிர்களை மறைப்பதால் அதன் திசையில் மியூவான்கள் சற்றுக் குறையும். அன்டாரிஸ் 2007 – 2016 தரவில் இந்த நிழலை 3.5 சிக்மா அளவில் (தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்ற உறுதியில்) கண்டது. கீழ்நோக்கி வரும் மியூவான்களுக்கு அதன் திசைத் துல்லியம் 0.73 பாகை என்பதும் அதிலிருந்தே கிடைத்தது.

இந்தக் கருவிகளால் கடலியலுக்கு ஏதாவது பயன் உண்டா?

நிறைய. ஆண்டுக்கணக்கில் ஓயாமல் அடிக்கடலை அளக்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. 2009, 2010 ஆண்டுகளில் அன்டாரிஸின் குழாய்கள் உயிரொளியால், அதாவது கடல் உயிர்கள் வெளியிடும் ஒளியால், திணறின. சிடிடி, நீரோட்டத் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, பிரான்சின் தென்கரையில் உள்ள லயன் வளைகுடாவில் குளிர்காலத்தில் கனத்து மூழ்கிய புதுநீர் அடியில் வந்து சேர்ந்ததோடு அது ஒத்துப்போனது. அப்படிப்பட்ட நேரங்களில்தான் வெப்பமும் உப்பும் மாறி ஒலி வேகமும் மாறும். அளவுத்திருத்தம் செய்பவர்கள் அந்த வாரங்களைத் தனியாகக் கையாள வேண்டும்.

சரங்கள் ஒன்றுக்கொன்று சரி. ஆனால் மொத்தத் தொலைநோக்கியுமே வரைபடத்தில் சற்றுத் திரும்பியிருந்தால்?

இருப்பவற்றில் கடினமான கேள்வி இது. ஒலிப்பான்கள், நங்கூரங்கள், கோளங்கள் எல்லாம் தங்களுக்குள் 10 செ.மீ. துல்லியத்தில் பொருந்தினாலும், மொத்தத்தையும் ஒரு பாகை திருப்பினால் ஒலி நேரங்களில் எதுவும் மாறாது. மியூவான் பொருத்தமும் கண்டுகொள்ளாது.

இது வெறும் ஏட்டுக் கவலை அல்ல. 2023 பிப்ரவரி 13 அன்று, 21 சரங்களோடு இயங்கிய ஆர்க்கா, அதுவரை யாரும் காணாத ஆற்றல் கொண்ட நியூட்ரினோவைப் பதிவு செய்தது. மியூவானின் ஆற்றல் சுமார் 120 பெட்டா எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு), நியூட்ரினோவின் ஆற்றல் 220 அளவில் இருக்கும் என்று கணிப்பு. தடம் ஏறக்குறையக் கிடைமட்டம். 2025 பிப்ரவரியில் முடிவு வெளியானபோது திசைக்குச் சொல்லப்பட்ட பிழை 1.5 பாகை. அதில் பெரும்பங்கு ஒளியின் பதிவால் வந்தது அல்ல, தொலைநோக்கியின் ஒட்டுமொத்தத் திசை எவ்வளவு தெரியும் என்பதால் வந்தது. 1.5 பாகை ஆரம் கொண்ட வட்டத்தில் முழுநிலவின் பரப்பு 36 முறை அடங்கும். அதற்குள் சந்தேகப்படக்கூடிய விண்மீன் திரள்கள் பல. எந்த ஒன்று என்று சொல்ல முடியாமல் கைகட்டி நிற்க வைத்தது ஒரு நில அளவைப் பிரச்சினை.

தீர்வு கப்பல்தான். ஜிபிஎஸ் கொண்ட கப்பல் ஒவ்வொரு தரை ஒலிப்பானையும் வட்டமிட்டபடி அதனோடு ஒலிப் பரிமாற்றம் செய்கிறது. 3500 மீட்டர் நீரில் வேகம் 1 மீ./வி. பிசகினால் தூரம் 2 மீட்டருக்கு மேல் தவறும். ஆனால் முழு வட்டம் அடித்தால் எல்லாப் பக்கமும் ஒரே அளவு தவறுவதால் கிடைமட்ட இடம் தப்பிவிடும். அரைவட்டத்தோடு திரும்பினால் தப்பாது. ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கும் கப்பலடி ஒலிக்கருவிக்கும் உள்ள இடைவெளியை, கப்பல் உருளும் கோணத்தோடு சேர்த்து ஒவ்வொரு துடிப்புக்கும் திருத்த வேண்டும். மேல்நீரின் வெப்பநிலை பகலிலேயே மாறும் என்பதால் சிடிடியை வேலைக்கு முன்பும் பின்பும் மேலிருந்து அடிவரை இறக்குவார்கள். ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஒலிப்பான்களின் இடம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குள் தெரிந்தால் திசைப் பிழை 0.08 பாகைக்கு வரும். உயரத்துக்கு இந்த வட்டம் உதவாது; அதற்குத் தரையில் உள்ள அழுத்தமானிகளின் அளவை நம்ப வேண்டும்.